ஒட்டுவதா, கட்டுவதா, தைப்பதா? பழைய சாமான்களில் கலை செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொட்டாங்குச்சி, கல்யாணப் பத்திரிகை, பால் கவர், உடைந்த வளையல், முட்டை ஓடு, சைக்கிள் டியூப் என்று வீட்டிலும் தெருவிலும் கிடைப்பதை வைத்து ஏதாவது செய்து பார்க்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பாதிப் பேர் “ஐடியா வரமாட்டேங்குது” என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரம் பேசினால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கும்: ஒரு பொருளை இன்னொரு பொருளோடு எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் பாதியில் விட்டிருப்பார்கள். அதனால் எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் என் பதில் இணைப்பில் போய்த்தான் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வரையவே வராது. இதில் இறங்கலாமா?

தாராளமாக. சண்டிகரில் ராக் கார்டனை உருவாக்கிய நேக் சந்த் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். புது நகரத்துக்காக இடித்த கிராமங்களின் இடிபாட்டிலிருந்து ஓடு, பீங்கான், வளையல் துண்டு என்று பொறுக்கி, சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய், கட்டடமே எழுப்பக் கூடாது என்று ஒதுக்கிய காட்டு நிலத்தில் 1950களின் கடைசியிலிருந்து யாருக்கும் தெரியாமல் பொம்மை பொம்மையாகச் செய்து நிறுத்திக்கொண்டிருந்தார். பல வருஷம் கழித்து அதிகாரிகள் கண்ணில் பட்டபோது இடித்துத் தள்ளுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள், ஆனால் 1976இல் அதையே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள், அவருக்குச் சம்பளமும் வேலையாட்களும் கொடுத்து. 1984இல் பத்மஸ்ரீ. அவருக்குக் கைகொடுத்தது சிமென்ட் எப்படி இறுகும், எதைப் பிடித்துக்கொள்ளும் என்று வேலையில் பழகிய கை.

எந்தப் பொருளில் ஆரம்பிப்பது?

உங்கள் வீட்டில் தானாக வந்து குவிவது எதுவோ அதில். காசு கொடுத்து “கிராஃப்ட் கிட்” வாங்காதீர்கள். பொருளை எடுத்ததும் என்ன செய்யலாம் என்று யோசிக்க உட்காராமல் முதலில் அதைச் சீண்டிப் பாருங்கள். கிழியுங்கள், நனையுங்கள், மடியுங்கள், கீறுங்கள், தட்டிச் சத்தம் கேளுங்கள், வெயிலில் ஒரு நாள் போடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு நாளிதழ்த் தாள். மேலிருந்து கீழாகக் கிழித்தால் அநேகமாக நேர்கோடாக வரும். அதே தாளைக் குறுக்கே கிழித்தால் கை சொல்வதைக் கேட்காமல் கோணிக்கொண்டு போகும். மில்லில் காகிதம் ஓடிய திசையில் அதன் நார்கள் படுத்திருப்பதுதான் காரணம். இது தெரிந்துவிட்டால் பட்டை பட்டையாக வேண்டும்போது நெடுக்காகக் கிழிப்பீர்கள், மலை, மேகம், கிழிந்த விளிம்பு வேண்டும்போது குறுக்கே கிழிப்பீர்கள், கத்தரிக்கோலே வேண்டாம். அடுத்து அந்தத் தாளை ஒரு மூலையிலிருந்து சைக்கிள் ஸ்போக்கின் மேல் சாய்வாகச் சுருட்டிக் கடைசி மூலையில் மட்டும் பசை தடவி ஸ்போக்கை உருவிவிடுங்கள். தொட்டால் தொய்ந்துபோகும் தாள் இப்போது குச்சியாக நிற்கும். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் காகிதக் குழாய்களை வைத்து வீடே கட்டினார்: 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே, 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு புஜ்ஜில். கோபேயில் அஸ்திவாரத்துக்கு மணல் நிரப்பிய பியர் கிரேட்டுகள், புஜ்ஜில் இடிந்த கட்டடங்களின் கல்லும் மண்ணும். 2014இல் அவருக்குக் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது.

எதையும் தூக்கிப் போட மனசு வரவில்லை. வீட்டில் திட்டு விழுகிறது. எவ்வளவு சேர்க்கலாம்?

திட்டுபவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. “எதற்காவது ஆகும்” என்று சேர்ப்பது எதற்கும் ஆகாது. ஒரே பொருளை நிறையச் சேருங்கள், பத்துப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்காதீர்கள். முந்நூறு சோடா மூடி இருந்தால் வேலை தொடங்கலாம், ஐந்து மூடியும் மூன்று பேனாவும் ஒரு உடைந்த பொம்மையும் இருந்தால் அது குப்பைதான். ஒரு அட்டைப் பெட்டி அளவு வைத்துக்கொண்டு, அது நிரம்பினால் ஒன்று செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய சாமான் கடைக்குப் போட வேண்டும் என்று விதி வையுங்கள். உணவு பட்டதைக் கழுவிக் காயவைக்காமல் பெட்டியில் போட்டால் எறும்பும் கரப்பானும் வரும், அப்புறம் உங்கள் கலை வாழ்க்கை அம்மா கையில் முடிந்துவிடும்.

எது போட்டாலும் ஒட்டவில்லை. எந்தப் பசை நல்லது?

எல்லாவற்றுக்கும் ஒரே பசை கிடையாது. கடைக்குப் போகும் முன் ஒரு கேள்வி: சேர்க்கப்போகும் இரண்டில் ஒன்றாவது தண்ணீரை உறிஞ்சுமா?

உறிஞ்சும் என்றால் (காகிதம், அட்டை, மரம், துணி, தெர்மோகோலோடு காகிதம்) ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசையே போதும். அதிலுள்ள தண்ணீர் வெளியேறினால்தான் அது இறுகும், அதனால் கண்ணாடியையும் தகரத்தையும் ஃபெவிகால் போட்டு ஒட்டினால் நடுவில் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மெல்லியதாகத் தடவுங்கள், மேலே புத்தகத்தை வையுங்கள், நாளைக்குப் பாருங்கள். பொறுமை இல்லாதவர்கள்தான் ஃபெவிகாலைத் திட்டுகிறார்கள்.

கண்ணாடி, உலோகம், பீங்கான் என்றால் இரண்டு டியூபாக வரும் அரால்டைட், அல்லது இரண்டு நிறத்தைப் பிசைந்து வைக்கும் எம்-சீல். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். பளபளவென்று இருக்கும் பரப்பில் எதுவுமே உட்காராது.

ரப்பர், தோல், ரெக்ஸின் என்றால் பஞ்சர் கடையில் நின்று வேடிக்கை பாருங்கள். அவர் டியூபைத் தேய்ப்பார், இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவுவார், உடனே ஒட்டமாட்டார். விரலால் தொட்டு, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் அழுத்துவார். ஒட்டிய நொடியே பிடித்துக்கொள்ளும், நகர்த்தவே முடியாது. அந்தக் காத்திருப்பைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

ஃபெவிக்விக் அவசரத்துக்கு நல்லது, ஆனால் விறைப்பாக இறுகுவதால் தட்டினால் தெறித்துவிடும், பக்கத்தில் வெள்ளைப் புகை படிந்த மாதிரி தடமும் விடும். க்ளூ கன் பசை சூட்டில் உருகி வந்தது, அதனால் சூட்டில் மறுபடியும் இளகும்: மே மாத வெயிலில் நிறுத்திய காரில் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது உதிரி உதிரியாகக் கிடக்கும். தெர்மோகோலில் பஞ்சர் சொல்யூஷனோ ஸ்ப்ரே பெயின்டோ படக் கூடாது, கரைந்து குழி விழும். (சிலர் வேண்டுமென்றே குழி விழவைத்துப் பாறை செய்கிறார்கள். புகையை மூக்கில் வாங்காமல், மொட்டை மாடியில் செய்தால் சரி.)

பால் கவரா? அதை ஒட்டவே பார்க்காதீர்கள். பாலிதீனில் வீட்டுப் பசை எதுவும் நிற்காது. அதைப் பட்டையாக வெட்டிப் பின்னலாம், கொக்கி ஊசியில் பின்னலாம், அல்லது நாலைந்து கவரை அடுக்கி, மேலும் கீழும் பேக்கரிக்காரர்கள் தட்டில் போடும் பட்டர் பேப்பரை வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை ஓட்டினால் ஒன்றோடொன்று இளகிச் சேர்ந்து தைக்கக்கூடிய ஒரே தாளாகிவிடும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், புகை வந்தால் சூடு அதிகம். ஆவின் கவரிலேயே நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நிறம் தயாராக இருக்கிறது.

பசையே இல்லாமல் சேர்க்க முடியாதா?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பசை என்பது இணைப்பை ஒளித்துவைக்கும் வழி. கட்டு, தையல், முறுக்கு, செருகல் எல்லாம் இணைப்பை வெளியே காட்டும், பல நேரம் அதுதான் வேலையின் அழகே.

எல் அனாட்சுயி 1944இல் கானாவில் பிறந்து, 1975 முதல் நைஜீரியாவின் என்சுக்காவில் பல்கலைக்கழகத்தில் சிற்பம் கற்பித்தவர். மரம், உடைந்த பானை, பால் டின் மூடி, மரவள்ளிக்கிழங்கு துருவும் தகடு என்று பலதில் வேலை செய்தவர் கையில் 1990களின் கடைசியில் ஒரு பை நிறைய மதுபாட்டில் மூடிகள் கிடைத்தன. அவற்றைத் தட்டி, மடித்து, முறுக்கி, ஓரத்தில் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டினார். ஒவ்வொரு மூடியும் விறைப்பான தகடு, ஆனால் ஆயிரக்கணக்கில் கம்பியால் கோத்தபோது அது துணியாகிவிட்டது: மடிப்பு விழுகிறது, தொய்கிறது, ஒவ்வொரு மியூசியத்திலும் வேறு வேறு விதமாகத் தொங்கவிட முடிகிறது. 2015இல் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் அந்த மூடிகளைப் பலகையில் வரிசையாக ஒட்டியிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

நீங்கள் செய்து பார்க்க வேண்டுமென்றால்: சோடா மூடியைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டையாக்குங்கள், விளிம்பை அரத்தால் ஒரு சுற்றுத் தேயுங்கள், பலகையில் வைத்து ஆணியால் ஓட்டை போடுங்கள். ஓட்டை விளிம்புக்கு ரொம்ப ஒட்டி இருந்தால் தகரம் கிழியும், ரொம்ப உள்ளே தள்ளினால் கம்பி வளையாது. ஒரு மூடிக்கு ஒரே ஓட்டை என்றால் அது சலங்கையாகத் தொங்கும், எதிரெதிரே இரண்டு என்றால் சரமாகும், நாலு பக்கமும் போட்டால்தான் விரிப்பாகும். கம்பியைத் தளர்வாக முறுக்கினால் துணி, இறுக்கினால் தகடு. கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் கேளுங்கள், பழைய காயிலில் உருவிய செம்புக் கம்பியை எடைக்குக் கொடுப்பார்கள்.

நம் ஊரில் இதற்கு ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. பந்தல் போடுபவர் சவுக்குக் கழிகளைக் கயிற்றால் கட்டும் கட்டைப் பாருங்கள், ஒரு ஆணி இருக்காது, மேலே ஆள் ஏறி நிற்பார். கீற்று முடைபவர், மூட்டையைக் கோணி ஊசியால் தைப்பவர், பூக்கட்டும் அக்கா யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தால் போதும். நாரில் பூவைக் கட்டும் அதே முடிச்சில் பேனா ரீபிள், காகிதச் சுருள், துணிக்கிழிசல் எதையும் கட்டலாம்.

கல்யாணப் பத்திரிகை மலையாகக் குவிந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

அருமையான பொருள். கெட்டி அட்டை, தங்க நிறம், அச்செழுத்து, எல்லாம் இலவசம். ஆனால் பலதின் மேல் பிளாஸ்டிக் லேமினேஷன் இருக்கும், ஃபெவிகால் பிடிக்காது. அதனால் ஸ்டேப்ளர்.

ஒரு உருண்டை செய்து பாருங்கள். டம்ளர் வாயை வைத்து இருபது வட்டம் வரைந்து வெட்டுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் மூன்று முனையும் விளிம்பைத் தொடும் மாதிரி ஒரு சமபக்க முக்கோணம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கணக்காக வரைந்து அச்சாக வைத்துக்கொண்டால் போதும். முக்கோணத்தின் கோடுகளின் மேல் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் வைத்து அழுத்தி ஓட்டுங்கள், அப்புறம் மடியுங்கள். இதைச் செய்யாமல் மடித்தால் கெட்டி அட்டை கோட்டை விட்டு வேறெங்கோ உடையும். இப்போது ஒவ்வொரு வட்டமும் மூன்று காது உள்ள முக்கோணம். காதோடு காதை வைத்து ஸ்டேப்ளர் அடியுங்கள். ஐந்து முக்கோணம் ஒரு முனையில் சேர்ந்தால் ஒரு தொப்பி வரும், அப்படி இரண்டு தொப்பி. மீதிப் பத்தை மேல் கீழாக மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஒரு பட்டை, அதை வளைத்து மூடினால் வளையம். தொப்பி, வளையம், தொப்பி என்று சேர்த்தால் உருண்டை. காதுகள் வெளியே நிற்பதே அலங்காரம். உள்ளே ஒரு சின்ன எல்இடி விளக்கு வைக்கலாம், பழைய குண்டு பல்பு வேண்டாம், சூடாகும்.

அதில் பிள்ளையார் படம் இருக்கிறதே, வெட்டலாமா? அம்மா விடமாட்டார்.

அம்மாவோடு சண்டை போடாதீர்கள். சாமி படம் உள்ள பகுதியையும் மஞ்சள் தடவிய மூலையையும் முதலில் அவரையே தனியாக வெட்டி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், மற்றது உங்களுக்கு. உறையிலும் உள்தாளிலும் பெரும்பாலும் எழுத்தும் பூவேலையும்தான் இருக்கும். சாமி படத் துண்டுகளை என்ன செய்வது என்பது ஒவ்வொரு வீட்டு வழக்கம், சிலர் கோயில் மரத்தடியில் வைக்கிறார்கள், சிலர் பரணில் வைக்கிறார்கள். இன்னொன்று, மணமக்கள் பெயர் தெரிகிற துண்டை வெளியாருக்கு விற்கும் பொருளில் போடாதீர்கள், யாருக்கோ அது சங்கடம்.

முட்டை ஓட்டில் படம் செய்தேன், நாற்றம் அடிக்கிறது.

உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை எடுக்கவில்லை. ஓட்டைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஓடும் குழாயில் கட்டைவிரலால் தள்ளினால் சவ்வு தோலாக உரிந்து வரும். பிறகு கொதிக்கவைத்து வெயிலில் காயப்போடுங்கள். ஒட்டும்போது பெரிய துண்டாகப் பசைமேல் வைத்து விரலால் அழுத்தி அங்கேயே நொறுக்குங்கள். விரிசல்கள் இயல்பாக விழும், துண்டு துண்டாகப் பொறுக்கி அடுக்கினால் அந்த அழகு வராது. வியட்நாமில் அரக்குப் பலகை ஓவியங்களில் வெள்ளை நிறத்துக்கு முட்டை ஓட்டைத்தான் பதிக்கிறார்கள். ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், வெயிலில் வெளுக்கவோ மஞ்சளாகவோ பயம் இல்லை.

எல்லாம் சேர்த்த பிறகும் குப்பை மாதிரியேதான் தெரிகிறது.

பெரும்பாலும் நிறம்தான் காரணம். வழி இரண்டு. ஒன்று, எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடுவது. சிற்பி லூயிஸ் நெவல்சன் நியூயார்க் தெருவில் கிடந்த நாற்காலிக் கால், கைப்பிடிச் சட்டம், மரத்துண்டுகளைப் பெட்டிகளில் அடுக்கி முழுக்கக் கறுப்பு அடித்தார். 1958இல் செய்த ‘ஸ்கை கதீட்ரல்’ அப்படி ஒரு சுவர். நிறம் போனதும் கண்ணுக்கு வடிவமும் நிழலும் மட்டும் மிஞ்சுகின்றன, அது நாற்காலிக் கால் என்பதே இரண்டாவதாகத்தான் தெரியும்.

இரண்டாவது வழி, நிறத்தைத் தொடாமல் வரிசையை மாற்றுவது. பிரிட்டிஷ் சிற்பி டோனி கிராக் 1978இல் பொறுக்கிய பிளாஸ்டிக் துண்டுகளைச் சிவப்பிலிருந்து ஊதா வரை வானவில் வரிசையில் தரையில் பரப்பினார், ஒட்டவே இல்லை. சீப்பு, மூடி, பொம்மைக் கை என்று பார்க்காமல் நிறமாகப் பார்க்கவைத்தது அந்த வரிசைதான். வீட்டில் இருக்கும் உடைந்த வளையல்களைப் பிரித்து அடுக்கினாலே தெரியும், பச்சை மட்டும் எத்தனை பச்சை என்று.

தங்க நிற ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். எதை எடுத்தாலும் தங்கம் அடித்துவிடுவது ஒரு வியாதி, கொலுப் படிகளில் வருஷா வருஷம் பார்க்கிறோம்.

பெரிதாகச் செய்ய ஆசை. நிற்கமாட்டேன் என்கிறது.

உள்ளே எலும்பு இல்லை. மூங்கில் சிம்பு அல்லது கட்டுக்கம்பியில் கூடு, அதன் மேல் கோழி வலை, அதன் மேல் மைதாப் பசையில் நனைத்த காகிதம், இந்த வரிசை மாறக் கூடாது. கூட்டை முக்கோண முக்கோணமாகக் கட்டுங்கள், சதுரமாகக் கட்டினால் சாயும். அடிப்பாகம் கனமாக இருக்கட்டும், மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் இரண்டு உள்ளே படுத்தால் காற்றுக்குக் கவிழாது.

லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் சைமன் ரோடியா என்ற இத்தாலியக் கட்டடத் தொழிலாளி 1921இல் ஆரம்பித்து 1954 வரை தனியாளாகக் கட்டிய கோபுரங்களில் உயரமானது ஏறத்தாழ 99 அடி. வெல்டிங் இல்லை, போல்ட் இல்லை. இரும்புக் கம்பிகளை ரயில் தண்டவாளத்தின் அடியில் நுழைத்து வளைத்து, ஒன்றோடொன்று சேர்த்துக் கம்பிவலையால் சுற்றி, மேலே சிமென்ட் பூசி, அது காயும் முன் உடைந்த ஓடு, சிப்பி, பச்சை செவன்-அப் பாட்டில் துண்டு என்று பதித்தார். ஆபத்தானது, இடிக்க வேண்டும் என்று நகர நிர்வாகம் சொல்ல, 1959இல் கோபுரத்தைப் பத்தாயிரம் பவுண்டு விசையில் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தார்கள். கோபுரம் அசையவில்லை, இழுத்த கருவிதான் முதலில் தோற்றது. பார்ப்பவர் கண்ணுக்கு ஓடும் கண்ணாடியும்தான் தெரியும், நிற்கவைப்பது உள்ளே சுற்றிய கம்பிவலை.

பூச்சி, பூஞ்சை, மழைக்காலம்?

மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் அதனால்தான் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் கலந்தார்கள். அது விஷம், குழந்தைகள் தொடும் வேலையில் வேண்டவே வேண்டாம், நீங்கள் கலந்தாலும் சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மைதாவை விட்டுவிட்டு ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து பயன்படுத்துவது நிம்மதி.

காகிதக் கூழ் வேலையை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். ஒரு அடுக்கு முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்தது, இல்லையென்றால் உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு கறுப்புப் புள்ளி வரும். வார்னிஷ் அடிப்பவர்கள் முன்பக்கம் மட்டும் அடித்துவிட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள், ஈரம் சுவர்ப் பக்கமிருந்துதான் ஏறும், பின்பக்கம் இரண்டு கோட் அடியுங்கள்.

நாளிதழ் மஞ்சளாவதைத் தடுக்க முடியுமா என்று கேட்பார்கள். மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சத்தில் நிறம் மாறும், வார்னிஷ் அதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. வெள்ளை வேண்டுமென்றால் பழைய நோட்டுத் தாள் எடுங்கள்.

இது கலையா, கைவேலையா?

இந்தச் சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை, ஆனால் ஒரு கருத்து உண்டு. டெல்லியில் 2019இல் திறந்த ‘வேஸ்ட் டு வொண்டர்’ பூங்காவில் தாஜ்மகால், ஈபிள் கோபுரம் என்று உலக அதிசயங்களைப் பழைய இரும்பில் செய்து வைத்திருக்கிறார்கள். உழைப்பு பெரிது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே இரும்பு சொல்வதற்கு எதுவும் இல்லை, இன்னொன்றாக வேஷம் போடுகிறது, அவ்வளவுதான். பிகாசோ 1942இல் ஒரு சைக்கிள் சீட்டின் பின்னால் ஹேண்டில்பாரை வைத்துக் காளைத் தலை செய்தார். இரண்டே பொருள், ஒரே ஒரு இணைப்பு. காளையும் தெரிகிறது, சைக்கிளும் மறையவில்லை. பாட்டிலை மூடி மறைத்துப் பூச்சாடி செய்வதற்கும் பாட்டில் பாட்டிலாகவே இருந்து வேறொன்றைச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். முதலாவது தப்பில்லை, பூ வைக்க உதவும்.

எல்லாம் சரி, ஐடியாவே வரவில்லையே?

ஐடியாவுக்காகக் காத்திருக்காமல் தடை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பொருள், ஒரு இணைப்பு, ஒரு அளவு. சிரட்டை மட்டும், கயிறு மட்டும், உள்ளங்கையில் அடங்க வேண்டும். இந்தச் சின்ன வட்டத்துக்குள் ஏழெட்டு விதம் செய்து வரிசையாக வையுங்கள். முதல் இரண்டு மூன்று எல்லாரும் செய்வது மாதிரி இருக்கும் (சிரட்டையில் குரங்கு, ஆமை). அதையெல்லாம் தீர்த்த பிறகுதான் கை வேறு பக்கம் திரும்பும்: இரண்டு சிரட்டையைத் தட்டினால் வரும் சத்தம், உடைந்த விளிம்பின் வளைவு, மூன்று கண்.

மாட்டிக்கொண்டால் பொருளை மாற்றாதீர்கள், இணைப்பை மாற்றுங்கள். ஒட்டியதைத் தைத்துப் பாருங்கள், தைத்ததைத் தொங்கவிடுங்கள், நிறுத்தியதைப் படுக்கவையுங்கள். அதுவும் ஓடவில்லையென்றால் எண்ணிக்கை. ஒரு தீப்பெட்டி தீப்பெட்டிதான், நானூறு தீப்பெட்டி சுவர்.

குழந்தைகளோடு செய்யலாமா?

கண்டிப்பாக. ஐஐடி கான்பூரில் இன்ஜினியரிங் படித்த அரவிந்த் குப்தா 1970களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்குப் போய், குப்பையிலிருந்து விளையாட்டுச் சாமான் செய்து அறிவியல் காட்டியவர், 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய தீக்குச்சி மாதிரிகளில் எனக்குப் பிடித்தது இணைப்புதான்: சைக்கிள் வால்வ் டியூபைச் சின்னச் சின்னதாக வெட்டி, இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் மடங்கும் மூட்டு ரெடி. முக்கோணம் செய்து அழுத்தச் சொல்லுங்கள், அசையாது. சதுரம் செய்து அழுத்தச் சொல்லுங்கள், சாய்ந்துவிடும். பாடம் நடத்த வேண்டாம், குழந்தையே சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி வைக்கும். மருந்து நுனியை முதலில் நீங்கள் உடைத்துவிடுங்கள். கட்டர், க்ளூ கன், ஃபெவிக்விக் மூன்றும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

எதைத் தொடவே கூடாது?

டியூப்லைட், சிஎஃப்எல் பல்பு (உள்ளே பாதரசம்), எந்த பேட்டரியும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டு, பூச்சிமருந்து டப்பா, ஊசி சிரிஞ்ச். செம்புக்காக ஒயரை எரிக்காதீர்கள், பிவிசி புகை நுரையீரலை அரிக்கும், பிளேடால் சீவி எடுங்கள். பழைய பாலெட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) கட்டை எடுப்பவர்கள் முத்திரையைப் பாருங்கள், ‘HT’ என்றால் சூடுபடுத்திப் பதப்படுத்தியது, ‘MB’ என்றால் விஷவாயு போட்டது, வேண்டாம். சிரட்டையும் ஓடும் தேய்க்கும்போது மாஸ்க்.

விற்கலாமா? “குப்பைக்கு இவ்வளவு விலையா” என்கிறார்களே?

விற்கலாம். பொருள் இலவசம் என்பதை நீங்களே முதலில் சொல்லிக்கொண்டு அலைந்தால் அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். பொறுக்கியது, கழுவியது, பிரித்தது எல்லாம் வேலை நேரம், அதையும் சேர்த்து விலை சொல்லுங்கள். தூக்கிப் பார்க்கும்போது துண்டு உதிராமல், சுவரில் மாட்ட உறுதியான கொக்கியோடு, விளிம்பு கையைக் கிழிக்காமல் இருந்தால் பாதிப் பேரம் அடங்கிவிடும்.

வாங்கியவர் வீட்டில் ஒரு துண்டு கழன்றுவிட்டால்?

கழலும் என்று வைத்துக்கொண்டே கொடுங்கள். அதே மூடி, அதே வளையல் துண்டு நாலைந்தை ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு, கட்டியது என்றால் ஒரு முழம் கம்பியும் சேர்த்து, வேலையின் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கவரின் மேல் என்ன பசை, எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று மார்க்கரில் எழுதிவிட்டால் அவரே சரிசெய்துகொள்வார், உங்களுக்கு போன் வராது.